ஐந்து பாகை

எங்கள் கப்பலுக்கு இப்போது சுக்கான் கிடையாது.
முதல் முறை கேட்பவர்கள்
என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

வயிற்றுக்கு அடியில், நீருக்குள்,
இரண்டு இரும்புச் சுரைக்காய்கள் தொங்குகின்றன.
ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு மின்மோட்டார்,
மூக்கில் ஒரு விசிறி.
காய் மொத்தமும் காம்போடு சுழலும்:
கிழக்கே, மேற்கே, வந்த வழியே.
பின்னால் நின்று தள்ளிய காலம் முடிந்தது.
இவை முன்னே நீந்தி
யாரும் கலக்காத நீரைக் கடித்து இழுக்கின்றன.

தூர்க்குவுக்கு மேற்கே
கல்லும் பைன் மரமும் மட்டுமே விளையும் தீவுகள்.
ஒரு நாளில் பதினொரு துறை.
முன்பெல்லாம் ஒவ்வொரு துறையிலும்
கேப்டன் அலாரிக் பல்லைக் கடித்தபடி
முன்னே ஒரு முறை, பின்னே இரு முறை,
காற்றிடம் கெஞ்சி, கயிற்றைத் திட்டி, கரை சேர்வார்.
இப்போது நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து
ஒட்டிக்கொள்கிறார். திட்ட ஆள் கிடைக்காமல்
சில நாள் என்னைத் திட்டினார்.

ஜனவரியில் பனி தடித்தால்
காய்களைத் திருப்பி
பின்புறத்தாலேயே அதைத் துருவிக்கொண்டு போகிறார்.

எனக்கு மிச்சமானவை:
ஆறில் ஒரு பங்கு டீசல்,
இருபது மீட்டர் தண்டுக்கு நான் ஊட்டிவந்த கிரீஸ்,
இடது காதில் பாதி.
தண்டு கிடந்த சுரங்கத்தில்
என் கம்பளிக் காலுறைகள் காய்கின்றன.
ஜெனரேட்டர்கள் மேலே, ரப்பர் மெத்தையில்.
பயணிகள் அறையில்
காப்பிக் கோப்பை தன் தட்டோடு சண்டை போடுவதில்லை.

மூன்றாம் வாரம்
குன்வோர் தன் தீவைத் தவறவிட்டாள்.

பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை.
பிறந்ததிலிருந்தே காது கேளாது.
இருட்டோடு ஏறி, ஜன்னலோர மரப்பெஞ்சில்
காலணி கழற்றி உறங்குவாள்.
அறிவிப்பு ஒலிக்கும் முன்பே எழுந்து நிற்பாள்;
எப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் ஒரு தாளை நீட்டினாள்:
"லோங்ஓரன் மேட்டருகே கடல் ஆழம் குறையும்.
பழைய கப்பல் அங்கே உதறும்.
அது என் உள்ளங்காலைத் தட்டி எழுப்பும்.
உங்கள் புதுக்கப்பல் எனக்கு
ஊமையாகிவிட்டது."

இருபத்தாறு வருடம்
அந்த உதறலைத்தான் நான் வியாதி என்று எழுதிவந்தேன்.
தாங்கி மாற்றினேன், போல்ட்டு முடுக்கினேன்,
அது ஒருத்திக்குக் கடிகாரம் என்று அறியாமல்.

அவளைக் கீழே அழைத்துப் போனேன்.
காம்பு சுழலும் பெரிய பல்வளையத்தின் விளிம்பில்
கை வைக்கச் சொன்னேன்.
அலாரிக் மேலே திருப்ப,
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
பிறகு தாளில்:
"கம்பு மாவு புளித்து எழும்போது
பாத்திரம் இப்படித்தான் இருக்கும்."

விளக்கு வைக்கலாம் என்றது அலுவலகம்.
தூங்குகிறவளுக்கு விளக்கு எதற்கு?
கைபேசி அதிரும் என்றார் ஒருவர்.
குன்வோர் அவரைப் பார்த்த பார்வையை
இங்கே எழுத முடியாது.

ஆகவே,
காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு, லோங்ஓரன் தாண்டியதும்,
அலாரிக் இரண்டு காய்களையும்
இடம் ஐந்து பாகை, வலம் ஐந்து பாகை,
சட்டெனத் திருப்புகிறார்.
கப்பல் ஒருமுறை தோளைக் குலுக்குகிறது.
கோப்பைகள் கிணுகிணுக்கின்றன.
புதிதாக வந்தவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு
என்ன, என்ன என்கிறார்கள்.

மூலைப் பெஞ்சில்
ஒருத்தி காலணி மாட்டுகிறாள்.

மின்சாரக் கணக்கில்
தினமும் அதே நிமிடத்தில் ஒரு முள் எழுகிறதே,
காரணம் எழுதுக என்று கடிதம் வந்திருக்கிறது.
"திசை திருத்தம்"
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.